ஐந்து மாடு கொடுத்து ஆணானவர்

அத்தியாயம் 14

"மகனா இருந்தா தனிக் குடிசை. மகளா இருந்தா அம்மாகூட உள்ள. என்னைப் படுக்க வெச்சிருக்கிறது தேயிலைச் சாக்கு ரூம்ல. அப்ப நான் யாருப்பா? தேயிலையா?"

கேட்டவன் லகட். கேட்கப்பட்டவர் தபுதானி. இடம், கப்தெரேனி மேட்டில் நாலு ஏக்கர் தேயிலைக்கு நடுவே இருக்கும் தகரக் கூரை வீட்டின் முற்றம். நேரம், காலை ஏழு மணி. நாலு நாளாகவே அந்த வீட்டில் பதில்களுக்குத் தட்டுப்பாடு.

போன வாரம் எல்டோரெட் டவுன் வேனிலிருந்து மூன்று வருடம் கழித்து லகட் இறங்கியதையும், மோவாயில் பத்துப் பதினைந்து முடியும், தொண்டையில் கனத்த ஒரு புதுக் குரலும், தோளில் ஒரு பையுமாக வாசலில் நின்றதையும் பார்த்தோம். "இளைச்சுட்டே" என்றாள் அம்மா ஜெமெலி. அப்பா தபுதானி ஒன்றும் சொல்லாமல், ஏற்கெனவே கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தபுதானி பெண்ணாகப் பிறந்தவர். அப்புறம் ஆண். இதில் ஊரில் யாருக்கும் குழப்பம் கிடையாது.

கணவன் அரப் சுகுட் பிள்ளையில்லாமல் செத்தபோது தபுதானிக்கு முப்பத்தேழு வயது. ('அரப்' என்பது சடங்கு முடிந்த ஆணின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்.) எங்கள் நாந்தி ஜனங்களில் அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வழி உண்டு. அந்தப் பெண்ணே மாடு கொடுத்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம். கட்டிய நாளிலிருந்து அவர் ஆண். சமைக்கக் கூடாது, தண்ணீர் தூக்கக் கூடாது, தலையில் சுமை வைக்கக் கூடாது. ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்காரலாம். தபுதானி ஐந்து மாடும் ஆறு செம்மறியும் கொடுத்து, பதினெட்டு வயது ஜெமெலியைக் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்காக ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். அந்த வீட்டுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

மகன் பிறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். பிறந்தது ஒன்றே ஒன்று. ஜெலகட் என்று பெயர் வைத்தார்கள். அந்தி நேரத்தில் பிறந்த பெண்ணுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். ஆணாக இருந்தால் கிப்லகட்.

இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை மகனாக வந்து வாசலில் நிற்கிறது. தபுதானி எதற்காக ஐந்து மாடு கொடுத்தாரோ அது கிடைத்துவிட்டது. அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னிக்கு மரத்தடிக் கூட்டத்துல ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க," என்றான் லகட். "என்ன சொல்லப் போறீங்க?"

"கேக்கட்டும், சொல்றேன்."

"எனக்கு இப்பவே தெரியணும்."

தபுதானி சுரைக்குடுக்கையைச் சாய்த்துக் கரிவாசனை அடிக்கும் புளித்த பாலைக் குடித்தார். மேலே ஆண்கள் கோட்டு, தலையில் தொப்பி, கீழே பாவாடை. இடுப்புக்கு மேலேதான் பார்ப்பது என்று ஊருக்கும் அவருக்கும் இருபத்தேழு வருட ஒப்பந்தம்.

பிரச்சினை ஒரு தாளில் தொடங்கியது. நாலு ஏக்கரும் இன்னும் செத்துப்போன சுகுட் பெயரில்தான் இருக்கிறது. அதைத் தபுதானி பெயருக்கு மாற்ற, வீட்டில் யார் யார் என்று எழுதி அரசாங்க சீஃப் ஆபீசில் கொடுக்க வேண்டும். லகட் அதை எழுதினான். கணவர், தபுதானி. மனைவி, ஜெமெலி. மகன், கிப்லகட். எழுதியவன் அதை நகல் எடுக்கப் போனான். கப்தெரேனியில் இருக்கும் ஒரே நகல் எந்திரம் சோள மாவு மில்லுக்குப் பக்கத்து அறையில். மில், எந்திரம் இரண்டுக்கும் முதலாளி கிப்ருகுட். சுகுட்டின் தம்பி மகன். அந்த வீட்டில் மகன் இல்லை என்றால் நாலு ஏக்கர் தனக்கு என்று பன்னிரண்டு வயதிலிருந்து காத்துக்கொண்டிருப்பவன்.

அவன் இரண்டு நகல் எடுத்தான். ஒன்று லகட்டுக்கு, இன்னொன்று ஊர்க்கூட்டத்துக்கு.

"எனக்கு நிலம் வேண்டாம்ப்பா," என்றான் லகட். "எல்டோரெட்டுல கூரைக்குக் கூரை ஏறி சோலார் மாட்டறேன். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. அந்த ஒத்த வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"நேத்து கூட்டத் தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டாரு. 'மகள்'னு ஒரு வார்த்தை சொல்லிடு, தாளு தானா நகரும்னாரு."

"சொல்லிடுவீங்களா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு அதிசயம் போதும்."

கொட்டிலிலிருந்து ஜெமெலியின் குரல் வந்தது. "ரெண்டு ஆம்பளைங்களும் பேசி முடிச்சுட்டா, யாராவது ஒருத்தர் இந்தக் கன்னுக்குட்டியப் பிடிக்கிறீங்களா?"

இரண்டு பேரும் அசையவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

"நீங்க என்னைப் புரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்," என்றான் லகட். "உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சுக்குவீங்கன்னு வேன்ல வழி முழுக்க நெனச்சுட்டு வந்தேன். கிறுக்கு."

"அது வேற, இது வேற." தபுதானி குடுக்கையைக் கீழே வைத்தார். "நான் ஆசப்பட்டு ஆகல. வீடு அணைஞ்சு போகக் கூடாதுன்னு ஆனேன். ஊரே கூடிச் சரின்னுச்சு. நீ யாரக் கேட்டே? எவனும் கேக்கல, எந்த வீட்டுக்கும் தேவையில்ல, நீயா ஆசப்பட்டே. அதான் அசிங்கம்."

லகட் அவர் பக்கம் குனிந்தான்.

"ஒரு நாள் கூடவா நீங்க ஆசப்படல?"

தபுதானி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கட்டிக்கொண்ட மறுவாரம் நடந்த ஒரு விஷயம் உண்டு. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். நடுவில் சோளக் கள்ளுப் பானை. ஒவ்வொருவர் வாயிலும் அதிலிருந்து வரும் நீளமான குழல். ஒரு கிழவர் குழலை அவர் பக்கம் திருப்பி, "ம், குடிப்பா" என்றார். குடிப்பா. அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழி முழுக்கத் தபுதானி தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் அகலமாகக் காலை வைத்து நடந்து பார்த்தார்.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காகச் செய்தேன் என்றே சொல்லிவந்தார். இருபத்தேழு வருடம் சொன்னால் எதுவும் உண்மையாகிவிடும், ராத்திரி தூக்கமும் வரும்.

"வேல இருக்கு," என்று எழுந்தார்.

"நான் பேசக் கத்துக்கிட்ட நாள்லேருந்து உங்கள அப்பான்னு கூப்பிடறேன்," என்றான் லகட் அவர் முதுகைப் பார்த்து. "ஸ்கூல்ல கேலி பண்ணினாங்க. கல்ல எடுத்து அடிச்சுருக்கேன். வீட்டுக்கு வந்து ஒரு தடவையாச்சும் உங்க மூஞ்சியப் பார்த்து நான் சிரிச்சிருக்கேனா?"

தபுதானி நடந்துகொண்டே இருந்தார். போவதற்கு இடம் எதுவும் இல்லாததால் மாட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

*

ஊர்க்கூட்டம் பதினொரு மணிக்கு. நாங்கள் அதைக் கோக்வெட் என்போம். இரண்டு மணிக்கு மழை வரும் என்பதால் நீதி நியாயம் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிடுவது வழக்கம்.

மரத்துக்கு இந்தப் பக்கம் ஆண்கள், நாற்காலிகளிலும் பெஞ்சுகளிலும். அந்தப் பக்கம் பெண்கள், புல் தரையில். லகட் இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் மேல் சாய்ந்து நின்றான். நடுவே நிற்பதற்கு இடம் இருப்பதையே ஊர் அன்றுதான் கவனித்தது. பெண்கள் பக்கத்தின் ஓரத்தில், அவனுக்குக் கை எட்டும் தூரத்தில், ஜெமெலி உட்கார்ந்திருந்தாள்.

தபுதானி தன் மடக்கு நாற்காலியை முதல் வரிசையில் விரித்துப் போட்டார்.

"வாங்க பெரியப்பா," என்றான் கிப்ருகுட். சட்டையில் மாவு. அவன் 'பெரிய' என்பதற்கும் 'அப்பா' என்பதற்கும் நடுவே எப்போதும் ஒரு சின்ன இடைவெளி விடுவான். யாரைக் கூப்பிடுகிறானோ அவருக்கு மட்டும் கேட்கிற இடைவெளி.

தலைவர் அரப் பிர்கென் கைத்தடியால் தரையைத் தட்டினார். வாத்தியார் தனுய் குறிப்பேட்டைத் திறந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் அவர் யார் பேசினாலும் எழுத்துப்பிழை தேடுகிற முகத்தோடுதான் கேட்பார்.

"விஷயம் எல்லாருக்கும் தெரியும்," என்றார் தலைவர். தெரிந்தும் எல்லோரும் ஒரு சுற்றுப் பேசினார்கள்.

"இந்தப் பொண்ணு ஸ்கூல்ல பொண்ணுங்க ஓட்டத்துல ஜெயிச்சு ஒரு வெள்ளித் தட்டு வாங்குச்சே," என்றார் பெஞ்சிலிருந்த ஒருவர். "அதைத் திருப்பிக் கொடுக்கணுமா, வேணாமா?"

"ஆம்பளைங்க ஓட்டத்துல ஓட விட்டிருந்தாலும் ஜெயிச்சிருக்கும். உன் மகன் கடைசியா வந்தான்."

சிரிப்பு.

"அது இருக்கட்டும். ஆம்பளைன்னா எந்த வயசுக் கூட்டத்தோட சடங்குக்குப் போனான்? கூட யாரு யாரு இருந்தா? காட்டுக் குடிசையில எத்தனை வாரம் படுத்தான்? எங்க பசங்க கத்திக்கு முன்னாடி பல்லைக் கடிச்சுட்டு நின்னாங்கய்யா. இவ மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்து நிக்கிறா."

இதைச் சொன்னது அரப் கெமெய் என்னும் எண்பது வயதுக்காரர். அவருக்குக் கோபமில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லகட் வாயைத் திறந்தான். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டுப் பெரியவரு பேசட்டும். தபுதானி. நீங்க வீட்டு ஆம்பளை. நீங்க சொல்றதுதான் சொல்லு. தாளுல மகன்னு எழுதியிருக்கு. உங்க வீட்டுல இருக்கிறது மகனா, மகளா?"

தபுதானி எழுந்து நின்று கோட்டைக் கீழே இழுத்துவிட்டார்.

"மகள்," என்றார்.

அவ்வளவுதான் வேண்டியது. வாத்தியார் எழுதினார். தலைவர் முகத்தில் நிம்மதி. சைக்கிள் பக்கம் தபுதானி பார்க்கவில்லை. இந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் இந்தத் தொடர்கதை இன்னும் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் ஆண்கள் பக்கம் இருபத்தேழு வருடம் உட்கார்ந்து தபுதானி கற்றுக்கொண்ட கலை ஒன்று உண்டு. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்தை அரைமணி நேரம் பேசுவது. அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணப் பேச்சென்றாலும் எல்லைத் தகராறென்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று முன்வரிசை முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிப்ருகுட்கூட மரியாதையாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். மரத்தடி நிறைய ஆட்கள் இப்படிக் காத்திருக்கும்போது உட்கார எந்த ஆணுக்கு மனசு வரும்?

"பெரியவங்களே," என்று ஆரம்பித்தார். "அந்தி சாயற நேரத்துல பொறந்தா. ஜெலகட்னு பேரு வெச்சதே நான்தான். என் கண்ணு முன்னாடி பொறந்ததுக்கு இன்னொருத்தர் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டாம்."

"சரிதான்," என்றது பெஞ்சு.

"இந்தக் காலத்துப் புள்ளைங்க முடிய வெட்டிக்குது, ஊசி போட்டுக்குது, சட்டைய மாத்திக்குது. சட்டைய மாத்தினா ஆள் மாறிடுமா? பசுமாட்டுக்குக் கொம்பைச் சீவிவிட்டா காளையாகிடுமா? நாளைக்கு ஏர்ல பூட்டுவியா?"

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. தபுதானிக்கு அந்தச் சிரிப்பின் சூடு பழக்கமானது. கள்ளுக்குழல் மாதிரி, ஒரு இழுப்போடு நிறுத்த முடியாது.

"எனக்கும் வருத்தம்தான். வளத்தவன் நான். ஆனா கடவுள் ஒண்ணை ஒண்ணாத்தான் அனுப்பறாரு. பொம்பளையாப் பொறந்தது பொம்பளையாத்தான் சாகணும். அத மாத்த எந்த மருந்துக் கடையிலயும் மருந்து கிடையாது. எந்த ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது. எத்தனை மாடு கொடுத்தாலும்…"

இங்கே அவர் நாக்கு ஒரு கணம் நின்றது. ஆனால் வாக்கியம் மேட்டிலிருந்து இறங்கும் வண்டி மாதிரி தானாகவே போய்க்கொண்டிருந்தது.

"…எத்தனை மாடு கொடுத்தாலும் அது ஆம்பளை ஆகாது."

கைத்தடிகள் எல்லாம் தரையைத் தட்டின. பெண்கள் பக்கத்தில் மட்டும் சத்தமே இல்லை. பெண்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தபுதானி உட்கார்ந்தார். கிப்ருகுட் எழுந்தான்.

"வாத்தியாரய்யா, எழுதிட்டீங்களா?"

"எழுதாம?"

"கடைசி ரெண்டு மூணு வரிய ஒரு தடவ படிங்களேன். மில்லுல நின்னு நின்னு எனக்குக் காது மந்தம்."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வகுப்பில் படிக்கிற குரலில், நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி, படித்தார். "பெண்ணாகப் பிறந்தது பெண்ணாகத்தான் சாக வேண்டும். அதை மாற்ற எந்த ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் கிடையாது. எத்தனை மாடு கொடுத்தாலும் அது ஆண் ஆகாது."

"அருமை," என்றான் கிப்ருகுட். "ராத்திரி முழுக்க உக்காந்து யோசிச்சேன். என்னால இவ்வளவு நல்லாச் சொல்ல முடியல. ஒரே ஒரு சந்தேகம். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இதே மரத்தடியில அஞ்சு மாடு கை மாறுச்சே. அது என்னத்துக்கு?"

ஒரு மாடு எங்கேயோ கத்தியது. அதற்கும் சந்தேகம் போல.

"அது வழக்கம்," என்றார் தபுதானி.

"யாரு வெச்ச வழக்கம்?"

"நம்ம வழக்கம்டா. நம்ம கூட்டம் வெச்சது."

"கூட்டத்துக்குத்தான் அதிகாரம் கிடையாதுன்னு இப்ப எழுதினோமே. அய்யா, வேணா இன்னொரு தடவ படிக்கச் சொல்லவா?"

"அது வேற, இது வேற!"

"எப்படி வேற? நான் படிக்காதவன். புரியற மாதிரி சொல்லுங்க."

காலையில் முற்றத்தில் அந்தப் பதில் கையிலேயே இருந்தது. நான் ஆசப்பட்டு ஆகல. தபுதானி அதை எடுக்கப் பார்த்தார். அது வந்தது, கூடவே கோட்டுப் பையில் கைவிட்டு நடந்த அந்த வழியும் வந்தது. பதிலை அவர் சொல்லவில்லை.

"தபுதானி," என்றார் எண்பது வயது அரப் கெமெய், மெதுவாக, நிஜமாகவே யோசித்தபடி. "நீ எந்தக் கூட்டத்தோட சடங்குக்குப் போனே? நான் உங்கிட்ட இத்தனை வருஷம் கேட்டதே இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தபுதானி தாங்கியிருப்பார்.

தலைவர் வானத்தைப் பார்த்தார். மேகம் ஏறிக்கொண்டிருந்தது. மழைக்கு முன் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கப் பிடிக்காதவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் சிக்கிக்கொள்வது.

"எழுதினது எழுதினதுதான்," என்றார். "வீட்டுப் பெரியவரே சொன்னது. அப்படிப் பார்த்தா அந்தக் கல்யாணமே… சரி, அத நாங்க சொல்லல. வியாழக்கிழமை பத்து மணிக்கு சீஃப் ஆபீஸ்ல இந்தக் குறிப்பைக் கொடுத்துருவோம். உங்க பக்கம் சாட்சி இருந்தா கூட்டிட்டு வாங்க. சீஃப் முடிவு பண்ணட்டும்." கொஞ்சம் தயங்கினார். "அதுவரைக்கும்… கூட்டத்துக்கு வர்றதா இருந்தா, அந்தப் பக்கம் உக்காருங்கம்மா. கோவிச்சுக்காதீங்க."

அம்மா.

தபுதானி எழுந்தார். நாற்காலியை மடக்கக் குனிந்தார். அது மடங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் உதவிக்குக் கையை நீட்டினார், ஒரு பெண்ணுக்கு நீட்டுவது போல. தபுதானி நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

*

வீட்டுக்கு வருகிற வழியில் ஜெமெலி முன்னால் நடந்தாள். இருபத்தேழு வருடத்தில் அது முதல் தடவை. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அவள் வழக்கமான வேகத்தில்தான் நடந்தாள், தபுதானியின் நடைதான் தளர்ந்துவிட்டது.

தேயிலைப் பாத்திகளின் நடுவே வந்ததும் ஜெமெலி திரும்பாமலே கேட்டாள். "அப்ப நான் யாருங்க?"

"என்ன?"

"நீங்க ஆம்பளை இல்லன்னா நான் பொண்டாட்டி இல்ல. பொண்டாட்டி இல்லன்னா, இருபத்தேழு வருஷம் யாரு துணியத் தொவச்சேன்? ஊருக்கெல்லாம் பேசினீங்களே, என்னை ஒரு நிமிஷம் நெனச்சுப் பார்த்தீங்களா?"

"ஜெமெலி, நான் அத அப்படி நெனச்சு…"

"என்னைக் கட்டிக் கொடுத்தப்ப எனக்குப் பதினெட்டு. அழுதேன். எங்கப்பா சொன்னாரு, 'நல்ல ஆம்பளைம்மா, குடிச்சுட்டு அடிக்காது'ன்னு. அது சரியாத்தான் இருந்துச்சு. நீங்க அடிச்சதில்ல." அவள் நின்றாள். "இன்னிக்கு வரைக்கும்."

முதல் மழைத்துளி விழுந்தபோது வீடு வந்துவிட்டது. அவள் உள்ளே போனாள்.

லகட் குறுக்குப் பாதையில் முன்பே வந்து, சாக்கு அறை வாசலில் பையை மூடிக்கொண்டிருந்தான். தபுதானி கூரை விளிம்புக்குக் கீழே வந்து நின்றார். மழை வலுத்தது. தகரத்தின் மேல் அது விழுகிற சத்தத்தில் உலகம் முற்றத்தோடு முடிந்துபோனது.

"எங்க?" என்றார்.

"டவுனுக்கு. கப்சபெட்ல ரூம் எடுத்துக்கறேன். தேயிலை வாசன ஒத்துக்கல."

தபுதானி தொண்டையைச் செருமிக்கொண்டார். உதவி கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆண்கள் பக்கம் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை.

"வியாழக்கிழமை சாட்சி வேணுங்கறாங்க."

"கேட்டேன்."

"நீ படிச்சவ… படிச்ச புள்ள. சீஃப் முன்னாடி வார்த்தை வரும். இவங்கதான் வளத்தாங்க, இவங்களத்தான் அப்பான்னு கூப்பிட்டேன்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா…"

லகட் சிரித்தான். கேலிச் சிரிப்பாக இருக்கும் என்று தபுதானி தோளை இறுக்கிக்கொண்டார். களைத்த சிரிப்பு.

"மரத்தடியிலயே சொல்ல வந்தேன். அரப் கெமெய் அப்படிக் கேட்டப்ப. 'அவரு என் அப்பா, உங்களுக்கென்னய்யா'ன்னு கத்த வாயத் தொறந்துட்டேன். அம்மாதான் சட்டையப் பிடிச்சு இழுத்தா. நான் சொன்னா அது உங்களுக்குத்தான் கேடுன்னா. நான் யாருன்னே முடிவாகாதவன். நான் சொல்லி நீங்க ஆம்பளையா?"

"வியாழக்கிழமை வருவியா?"

லகட் பையைக் கீழே வைத்தான். கிட்டே வந்தான். அவனுடைய மோவாயில் இருந்த அந்தப் பத்துப் பதினைந்து முடியும் மழைச் சாரலில் நனைந்து ஒட்டியிருந்தன. இறந்துபோன சுகுட்டுக்கும் இருபத்தைந்து வயதில் அவ்வளவுதான் இருந்தது என்பது தபுதானிக்குத் தேவையில்லாமல் ஞாபகம் வந்தது. ரத்த சம்பந்தமே இல்லாத ஒற்றுமை.

"வர்றேன். இவருதான் என் அப்பான்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். யாரு என்ன கேட்டாலும் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. என் பேர ஒரு தடவ சொல்லுங்க. தாளுல வேணாம். மரத்தடியில வேணாம். இங்க. இந்த மழையில பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது."

"இது என்ன சின்னப் புள்ள விளையாட்டு."

"ஒரு தடவைப்பா."

தபுதானி முற்றத்தைப் பார்த்தார். தலைவர் இல்லை. பெஞ்சு இல்லை. கிப்ருகுட் இல்லை, குறிப்பேடு இல்லை. பயப்படுவதற்கு ஒரு ஆள்கூட மிச்சமில்லை. போவதற்கு இருந்ததெல்லாம் இரண்டு மணிக்கு முன்பே போய்விட்டது. சொன்னால் வீடு மிஞ்சலாம், நிலம் மிஞ்சலாம், இந்தக் கோட்டும் மிஞ்சலாம். செலவு ஒரே ஒரு பெயர். ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பெயர். கிப் என்று ஆரம்பித்து எத்தனை பேரை அவர் தினமும் அதட்டிக் கூப்பிடுகிறார்.

வாயைத் திறந்தார்.

மழை பெய்தது.

அங்கே நின்றபடி அவருக்கு ஒன்று விளங்கியது. நாற்காலிக்குப் பயந்து, நிலத்துக்குப் பயந்து, ஊர் வாய்க்குப் பயந்துதான் மரத்தடியில் அப்படிப் பேசினோம் என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அதுவும் பொய். பயம் போனபிறகும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை. அங்கே பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அவர் நம்பித்தான் பேசியிருந்தார். தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும்.

லகட் காத்திருந்தான். ஒரு பெயரைச் சொல்ல ஆகும் நேரத்தைவிட நிறைய நேரம் காத்திருந்தான்.

அப்போது உள்ளேயிருந்து ஜெமெலி, அடுப்படியிலிருந்து யாரையும் கூப்பிடுகிற சாதாரணக் குரலில், மழைக்கு மேலே கேட்கும்படி கத்தினாள்.

"கிப்லகட்! டீ ஆறுது பாரு. நனையாம உள்ள வா."

அவ்வளவு சுலபமாக.

லகட்டின் முகத்தில் என்னவோ நடந்தது. அதைத் தபுதானி பார்க்க வேண்டாம் என்பது போல அவன் குனிந்து பையை எடுத்தான். அவரைக் கடந்து உள்ளே போனான். வியாழக்கிழமைக்கு வருவானா என்று சொல்லவில்லை.

தபுதானி வெளியிலேயே நின்றார். உள்ளே மேஜை மேல் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு.

மூன்றாவது கோப்பையின் சத்தத்துக்காக, மழையை மீறிக் காது கொடுத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.